பட்டறையிலேயே பிறக்கும் யந்திரம்

கேட்டும் கிரில்லும் செய்து பிழைப்பு நடத்தும் ஒரு சிறு பட்டறைக்கு, வடிவமாக வெட்டிய தகடு ஒன்று தேவைப்படுமானால், இந்நாளில் அதற்கு மூன்று மார்க்கங்கள் உண்டு. சாக்பீஸால் கோடு கிழித்து, கை கிரைண்டரையோ கேஸ் கட்டரையோ பிடித்துக்கொண்டு, கண்ணளவையும் கையின் நிதானத்தையும் நம்பி வெட்டுவது ஒன்று. வரைபடத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு நகரத்திலுள்ள லேசர் கட்டிங் நிலையத்துக்குப் போய், பெரிய கம்பெனிகளின் ஆர்டர்கள் முடியும் வரை காத்திருந்து, வெட்டி வாங்கி வருவது இரண்டாவது. இவ்விரண்டிலும் திருப்தியடையாத சிலர் கைக்கொண்டிருப்பது மூன்றாவது மார்க்கம்: தாங்களே சதுரக் குழாய்களை வெல்டிங் வைத்துச் சட்டம் கட்டி, மோட்டார்களைப் பூட்டி, கம்ப்யூட்டரின் கட்டளைப்படி தகட்டின் மேல் ஊர்ந்து வெட்டும் பிளாஸ்மா மேஜை ஒன்றைச் சொந்தமாகச் செய்துகொள்வது. இதைச் சிலர் பொழுதுபோக்கு என்றும், சிலர் வெறும் சிக்கனம் என்றும் கருதுகின்றனர். இவ்விரண்டினும் மேலான காரியம் அது என்பதும், நம்முடைய தொழிற்கல்வியும் தொழிற்கடன் முறையும் அதைக் கவனியாதிருப்பது பெருங்குறை என்பதும் என் அபிப்பிராயம்.

வெட்டும் வித்தை எத்தகையது என்பதை முதலில் சொல்லிவிடுவது நலம். மின்சார ஆர்க்கைத் தாமிர நாசிலின் சிறு துவாரத்துக்குள் நெருக்கி, அதன் வழியே வாயுவைச் செலுத்தினால், வாயுவின் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, அவ்வாயுவே மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்மா நிலையை அடைகிறது. அதன் உஷ்ணம் 20,000 டிகிரி சென்டிகிரேடையும் எட்டவல்லது. அந்தத் தாரை பட்ட இடத்தில் உலோகம் உருக, உருகியதை வாயுவின் வேகமே கீழே ஊதித் தள்ளிவிடுகிறது. அமெரிக்காவில் யூனியன் கார்பைடு கம்பெனியின் லிண்டே பிரிவைச் சேர்ந்த ராபர்ட் கேஜ் இம்முறைக்கு 1957-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். கேஸ் கட்டிங்கில் இரும்பு ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிவதால்தான் வெட்டு விழுகிறது. ஆகவே அவ்வாறு எரிய மறுக்கும் எவர்சில்வரிடமும் அலுமினியத்திடமும் அதன் ஜம்பம் சாயாது. பிளாஸ்மாவோ மின்சாரம் பாயும் எந்த உலோகத்தையும் வெட்டும். சிறிய யந்திரங்களுக்குச் சிலிண்டர் வாயுவும் வேண்டியதில்லை. கம்ப்ரசரின் காற்றே போதும். அந்தக் காற்றில் ஈரம் மட்டும் இருக்கலாகாது. இருந்தால், எலெக்ட்ரோடின் நுனியில் பதித்திருக்கும் ஹாஃப்னியம் என்னும் அபூர்வ உலோகப் பொட்டு சீக்கிரமே குழிந்துவிடும். நாசிலின் துவாரம் வட்டம் இழக்கும். வெட்டு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கும்.

இந்தத் தாரையைக் கையால் பிடித்தும் வெட்டலாம். பல பட்டறைகளில் அப்படித்தான் வெட்டுகிறார்கள். ஆனால் ஒரே வேகத்தில், ஒரே உயரத்தில், ஒரு வளைவைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடிப்பது மனிதக் கைக்கு எளிதன்று. எண்களால் யந்திரத்துக்குக் கட்டளையிடும் முறையை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1952-ஆம் ஆண்டில் ஒரு மில்லிங் யந்திரத்தைக் கொண்டு செய்துகாட்டியபோது, அதன் மூளையாக இருந்தவை ஏராளமான வெற்றிடக் குழாய்கள். விமானத் தொழிலைப் போன்ற பெரும் செல்வமுடைய தொழில்களே அதன் செலவைத் தாங்கக்கூடியனவாக இருந்தன. பிற்காலத்தில் அந்நாட்டு அரசாங்கத்தின் தர நிர்ணய ஸ்தாபனமான நிஸ்ட் தன் ஆராய்ச்சிக்காக எழுதிய கட்டுப்பாட்டு நிரல் பொதுவில் விடப்பட்டு, பலருடைய உழைப்பால் வளர்ந்து, இன்று லினக்ஸ்சிஎன்சி என்ற பெயரில் எவரும் இலவசமாக எடுத்தாளக் கிடைக்கிறது. நார்வே நாட்டவரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ரூட் 2009-இல் தொடங்கிவைத்த ஜிஆர்பிஎல் நிரலோ, உள்ளங்கையளவான அர்டுயினோ பலகையிலேயே ஓடுகிறது. பெருமுதல் படைத்தோரின் சொத்தாக இருந்த ஒரு வித்தை, அறிந்தவர்கள் அதை மறைக்காமல் பொதுவில் வைத்த காரணத்தால், கோவை கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் உள்ள ஓட்டுக்கொட்டகைக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

சொந்தமாகச் செய்வது என்றால் ஆணி முதற்கொண்டு எல்லாவற்றையும் செய்வது என்று பொருளல்ல. பிளாஸ்மா மின்பெட்டி, யந்திரத்தில் பூட்டும் நேரான டார்ச், ஸ்டெப்பர் மோட்டார்கள், அவற்றை இயக்கும் டிரைவர்கள், வழுக்கி ஓடும் ரெயில்கள் எல்லாம் கடையில் வாங்குபவையே. சட்டமும், அதன் மேல் ஓடும் பாலமும், கீழே நிற்கும் தண்ணீர்த் தொட்டியும், தகடு படுத்திருக்கும் இரும்புப் பட்டைகளும், இவை அனைத்தையும் ஒன்றுக்கொன்று இணங்க வைக்கும் விவேகமுமே பட்டறைக்காரருடையவை. அந்த விவேகம் எங்கே, எப்படிக் கைவருகிறது என்பதுதான் இங்கே கவனிக்கத் தக்கது.

சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கடையில் வரும் தகடு எட்டடிக்கு நாலடி; அதற்கு இடமில்லாத பட்டறையில், நாலடிக்கு நாலடி மேஜை கட்டி இரு முனைகளையும் திறந்து விட்டால், தகட்டை நகர்த்தி நகர்த்தி முழுவதையும் வெட்டிக்கொள்ளலாம். வெல்டிங் ஆறும்போது குழாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும் என்பது வெல்டர் யாவரும் அறிந்தது. கேட்டில் அது இரண்டு மில்லிமீட்டர் இழுத்தால் வீட்டுக்காரர் கவனிப்பதில்லை, மேஜையில் இழுத்தாலோ வெட்டும் ஒவ்வொரு பெரிய சதுரமும் சாய்சதுரமாகிவிடும். ஆகவே புள்ளி புள்ளியாக டேக் வைத்து, எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றிப் பற்றவைத்து, மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் சமமாக வரும்வரை சம்மட்டியால் தட்டி நேர்செய்ய வேண்டியிருக்கிறது. கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று அளந்து மூலைமட்டம் பார்ப்பதும் இதே க்ஷேத்திர கணிதந்தான்.

பிறகு ஓட்டத்தின் கணக்கு வருகிறது. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு முழுச் சுற்றை 200 படிகளாகப் பகுத்துச் சுழல்வது. டிரைவர் ஒவ்வொரு படியையும் எட்டாகப் பிரித்தால் 1,600 துடிப்புகளுக்கு ஒரு சுற்று. மாடூல் ஒன்று, பற்கள் இருபது கொண்ட பினியன் ஒரு சுற்றில் ரேக்கின் மேல் ஓடும் தூரம் 62.8 மில்லிமீட்டர். மோட்டாருக்கும் பினியனுக்கும் நடுவே மூன்றுக்கு ஒன்றாக வேகத்தைக் குறைக்கும் பெல்ட் ஒன்று இருக்குமானால், அதை மூன்றால் வகுத்து, வந்ததை மறுபடியும் 1,600-ஆல் வகுக்க, ஒரு துடிப்புக்குப் பாலம் நகரும் தூரம் ஏறக்குறைய 0.013 மில்லிமீட்டர் என்று விடை வருகிறது. பள்ளிக்கூடத்தில் இந்த விகிதக் கணக்குகளால் என்ன பிரயோஜனம் என்று கேட்டு, பதில் கிடைக்காமல், படிப்பையே விட்டுப் பட்டறைக்கு வந்த பையன்கள் அநேகர். அவர்களுக்கு வரவேண்டிய பதில் இங்கே பல ஆண்டுகள் தாமதமாக வந்து சேருகிறது. அடுத்த பாடத்தையும் தகடே சொல்லித் தருகிறது: 45 ஆம்பியரில் தாரை விட்டுச் செல்லும் பிளவின் அகலமே சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், ஆதலால் வெளிவிளிம்பை வெட்டும்போது அதில் பாதியளவு வெளியே தள்ளியும், உள்துளையை வெட்டும்போது பாதியளவு உள்ளே ஒதுங்கியும் போகவேண்டும், இல்லையேல் அளவு தப்பும்.

இவை எல்லாவற்றிலும் நுட்பமானது உயரம். மெல்லிய தகடு சூடேறியதும் அப்பளம் போல் எழும்பும். எழும்பிய இடத்தில் டார்ச் இடிக்கும், தாழ்ந்த இடத்தில் ஆர்க் அணையும். இதற்குக் கண்டிருக்கும் உபாயம் அழகானது. டார்ச் முதலில் மெதுவாக இறங்கித் தகட்டை மூக்கால் தொடுகிறது. தொட்ட இடத்தைப் பூஜ்யமென்று குறித்துக்கொண்டு, ஏறக்குறைய நான்கு மில்லிமீட்டர் மேலேறி ஆர்க்கை மூட்டித் துளைக்கிறது. துளை அடிவரை இறங்குவதற்கு ஒரு கணம் பொறுத்து, ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தாழ்ந்து ஓடத் தொடங்குகிறது. ஓடும்போது உயரத்தை அளப்பதற்கு வேறு கருவி எதுவும் இல்லை. ஆர்க்கின் வோல்ட்டேஜே அளவுகோல். டார்ச் தகட்டை விட்டு விலகினால் ஆர்க் நீண்டு வோல்ட்டேஜ் கூடும், நெருங்கினால் குறையும். நூற்றிருபது வோல்ட் போலுள்ள அந்த அளவை ஐம்பதில் ஒரு பங்காக, அதாவது 2.4 வோல்ட்டாகக் குறைத்துக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு அனுப்பினால், அது டார்ச்சை நொடிக்கு நொடி ஏற்றி இறக்கிச் சமன் செய்கிறது. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: மூலையில் திரும்பும்போது பாலத்தின் வேகம் குறைகிறது; வேகம் குறைந்தால் பிளவு அகன்று வோல்ட்டேஜ் கூடுகிறது; அதைக் கண்ட பலகை, டார்ச் உயர்ந்துவிட்டதாக எண்ணி அதைக் கீழே இறக்கித் தகட்டில் மோதச் செய்கிறது. ஆதலால் மூலைகளில் மட்டும் உயரக் கட்டுப்பாட்டை நிறுத்திவைக்க வேண்டும். விலைக்கு வாங்கிய மேஜையிலும் இவ்விதி உள்ளே எழுதப்பட்டுத்தான் இருக்கும். ஆனால் அதை வாங்கியவருக்கு, மூலையில் டார்ச் முட்டும் நாளில், சர்வீஸ் ஆள் வரும்வரை காத்திருப்பது ஒன்றே வழி. செய்தவருக்கு எதைத் திருத்தவேண்டும் என்பது தெரியும்.

நான் இம்மேஜையைப் போற்றுவதற்குக் காரணம் இதுவே. இதில் தச்சருடைய சதுரமும், வெல்டருடைய கையும், எலெக்ட்ரீஷியனுடைய எர்த்தும், கணக்கருடைய விகிதமும், நிரல் எழுதுவோருடைய தர்க்கமும் ஒரே பொருளில் வந்து கூடுகின்றன. ஒன்று பிசகினாலும் தகடே உடனுக்குடன் சாட்சி சொல்லிவிடுகிறது. வேகம் குறைந்தால் அடிவிளிம்பில் கசடு திரளாகத் தொங்கும். அதிகமானால் மெல்லிய கெட்டிக் கசடு ஒட்டிக்கொண்டு உளியால் தட்டினாலும் போகாது. நாற்பது பேர் அமர்ந்து கேட்கும் விரிவுரையால் இத்தனையையும் ஒருவனுக்கு உணர்த்திவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஆக்ஷேபங்களையும் நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும். லேசரின் வெட்டு மெல்லியது, விளிம்பு செங்குத்தானது, துளை துல்லியமானது. பிளாஸ்மாவின் விளிம்பு சற்றுச் சாய்வானது என்பதும், தகட்டின் கனத்துக்குக் குறைந்த விட்டமுள்ள துளையை அதனிடம் ஒப்படைக்கலாகாது என்பதும் உண்மையே. போல்ட் துளையை டிரில் போடுவதே உத்தமம். ஆனால் கேட்டின் மேற்பூ வேலைக்கும், தூணின் அடித்தகட்டுக்கும், டிராக்டர் கலப்பையின் பிராக்கெட்டுக்கும் நூறில் ஒரு மில்லிமீட்டர் நுட்பம் எதற்கு? ஒரே ஒரு பிராக்கெட்டை வெட்டித்தர லேசர் நிலையத்தார் உற்சாகம் காட்டமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கும் இல்லை, அவர்களுடைய யந்திரத்தின் முதலீடு அப்படிப்பட்டது. ஒற்றை உருப்படியை, கேட்ட அன்றே, கேட்டவரின் கண்முன்னே செய்து கொடுப்பதுதான் சிறு பட்டறையின் ஜீவன்.

ஆயத்த மேஜைகளே இன்று மலிவாக வருகின்றனவே என்பது அடுத்த ஆக்ஷேபம். இதையும் முழுவதும் மறுப்பதற்கில்லை. சொந்தமாகச் செய்வதில் செலவாகும் மாலைப்பொழுதுகளைக் கூலியாகக் கணக்கிட்டால் லாபம் அற்பமாகவே இருக்கக்கூடும். ஆகவே சிக்கனத்தை முன்னிறுத்தி இதை ஆதரிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஒரு மேஜையைச் செய்து முடித்தவரிடம், அடுத்த ஆண்டு குழாய் வெட்டும் சுழல் அச்சு ஒன்றையும், அதற்கடுத்து மர வேலைக்கான ரௌட்டர் ஒன்றையும் செய்யும் ஆற்றல் மிஞ்சியிருக்கிறது. அதுவே உண்மையான லாபம். அதைப் பேரேட்டில் எழுத நம்மிடம் பத்தி இல்லை.

மூன்றாவதான ஆக்ஷேபம் அபாயத்தைப் பற்றியது. இதில் எவ்விதச் சமாதானமும் சொல்லாமல் நான் தலைவணங்குகிறேன். வெல்டிங் யந்திரத்தின் வெற்று வோல்ட்டேஜ் பெரும்பாலும் நூற்றுக்குள் அடங்குவது. பிளாஸ்மா மின்பெட்டியிலோ அது 250, 300 என்று போகும். ஈரக் கையும் வெறுங்காலும் இதன் அருகே வரலாகாது. அதிவேக மின்னலைகளால் ஆர்க்கை மூட்டும் மின்பெட்டிகள், பக்கத்திலுள்ள கம்ப்யூட்டரைக் குழப்பிப் பாலத்தைக் கண்டபடி ஓடவைக்கும். காற்றழுத்தத்தால் எலெக்ட்ரோடைப் பின்தள்ளி மூட்டும் வகையை வாங்குவதும், உறையிட்ட கேபிள்களை இழுப்பதும், மேஜைக்கென்று தனி எர்த் கம்பி அடிப்பதும், கைக்கெட்டும் இடத்தில் சிவப்பு நிறுத்து பொத்தான் வைப்பதும் இன்றியமையாதவை. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டின் புகை குளிர்காய்ச்சலை உண்டாக்கும். எவர்சில்வரின் புகையிலுள்ள குரோமியச் சேர்மம் அதனினும் கொடியது. தகட்டுக்கு அடியில் நிற்கும் தண்ணீர் புகையையும் தூசியையும் பெருமளவு பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே தண்ணீரின் மேல் அலுமினியத்தை வெட்டினால், உருகிய துகள்கள் நீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை உண்டாக்கி, அது தகட்டின் அடியில் தங்கி வெடிக்கவும் கூடும். இதை அறியாத ஒருவர் அம்மேஜையைச் செய்வதும் தவறு, விலைக்கு வாங்குவதும் தவறு. அபாயம் இருப்பதால் செய்யவேண்டாம் என்பவர்களுக்கு என் விடை, அபாயம் இருப்பதாலேயே அதைக் கற்றவர் முன்னிலையில் செய்யவேண்டும் என்பது. இப்போதோ அறிந்தவர் ஓரிடத்திலும் செய்பவர் வேறிடத்திலுமாக இருக்கின்றனர்.

இந்தப் பிரிவினை நம் நாட்டுக்கு இயற்கையானதன்று. பைகாராவின் நீர்மின்சாரம் முப்பதுகளில் கோயம்புத்தூருக்கு வந்தபோது நூற்பாலைகள் பெருகின; அந்த ஆலைகளின் யந்திரங்களைப் பழுதுபார்க்கத் தோன்றிய பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளுமே பின்னர் பம்புகளும் மோட்டார்களும் செய்யும் தொழிலகங்களாயின. 1937-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டாரை அந்நகரிலேயே உருவாக்கினர். இறக்குமதியான ஒரு யந்திரத்தைப் பிரித்துப் பார்த்து, அதன் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டு, தமக்கு வேண்டிய விதத்தில் மறுபடி செய்யும் துணிவில்தான் அந்த வட்டாரத்தின் செல்வம் எழும்பியது.

அத்துணிவுக்கு இன்று நம் ஸ்தாபனங்கள் செய்யும் சகாயம் என்ன? தமிழ்நாட்டில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் தொழில் 4.0 மையங்களாக மாற்றப்பட்டு, ரோபோக்களும் சிஎன்சி யந்திரங்களும் வந்து இறங்கியிருக்கின்றன. அது வரவேற்க வேண்டியதே. ஆயினும் அவை இயக்கக் கற்பதற்கான யந்திரங்கள். திறந்து பார்ப்பதற்கோ, மாற்றியமைப்பதற்கோ, தவறாகப் பூட்டிவிட்டு ஏன் ஓடவில்லை என்று யோசிப்பதற்கோ மாணவனுக்கு அனுமதி இராது. விலையுயர்ந்த பொருளானதால் இருக்கவும் முடியாது. அந்த அனுமதியைத் தரக்கூடிய யந்திரம், மாணவர்கள் தாமே செய்த யந்திரம் ஒன்றே. பாலிடெக்னிக்குகளில் இறுதியாண்டுப் பிராஜெக்ட் என்ற பெயரில் அட்டையும் தெர்மோகோலும் ஒட்டிய மாதிரிகளும், பணம் கொடுத்து வெளியில் வாங்கி வந்த மாதிரிகளும் எத்தனையோ நடமாடுகின்றன என்பது ஆசிரியர்கள் அறியாத இரகசியமல்ல. அவற்றுக்குப் பதிலாக, மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், கம்ப்யூட்டர் என்ற மூன்று பிரிவு மாணவர்களும் சேர்ந்து ஒரு பிளாஸ்மா மேஜையைச் செய்து, அதை அடுத்த தெருப் பட்டறைகள் குறைந்த வாடகைக்கு வெட்டிக்கொள்ளும் பொதுமேஜையாக விட்டுச் செல்லட்டும்.

இரண்டாவது வேண்டுகோள் கடன் கொடுப்போருக்கு. யந்திரத்துக்குக் கடன் கேட்டால் வங்கி முதலில் கேட்பது விற்பனையாளரின் விலைப்புள்ளி; தானே செய்யும் யந்திரத்துக்கு விலைப்புள்ளி கொடுப்பவர் யார்? அதனால் பத்து ரூபாய்ப் பொருளை இருபது ரூபாய்க்கு வாங்கக் கடன் கிடைக்கிறது, பத்து ரூபாய்க்கே செய்துகொள்ளக் கிடைப்பதில்லை. உதிரிப் பாகங்களின் ரசீதுகளோடு, எர்த்தும் நிறுத்து பொத்தானும் புகைப்போக்கும் முறைப்படி அமைந்திருக்கின்றன என்று அருகிலுள்ள அரசு பாலிடெக்னிக் பார்வையிட்டுக் கொடுக்கும் சான்றிதழையும் ஆதாரமாக ஏற்றுக்கொண்டால், கடனுக்கும் வழி பிறக்கும்; மேலே சொன்ன அபாயங்களுக்கும் ஒரு மேற்பார்வை ஏற்படும்; கற்றவரும் செய்பவரும் ஒரு கூரையின் கீழ் சந்திக்க நேரும்.

இதற்குப் புதிய இலாகாவோ, புதிய கட்டடமோ, திறப்புவிழாவோ தேவையில்லை. வரும் கல்வியாண்டில் பட்டறைகள் நெருங்கிய ஐந்தாறு ஊர்களில், கோவையிலும் அம்பத்தூரிலும் திருச்சி துவாக்குடியிலும் ஓசூரிலும், கல்லூரிக்கு ஒரு மேஜை என்று தொடங்கிப் பார்க்கலாம். மதிப்பெண் போடுவதற்கு வெளியூர்ப் பரீட்சகரைக் கூட வரவழைக்க வேண்டாம்: மேஜை வெட்டிப் போடும் முதல் வட்டத் தகட்டில் குறுக்கும் நெடுக்குமாக வெர்னியரை வைத்துப் பார்த்தால், மாணவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.